குகை டைவிங்கிற்கு எந்த ரெகுலேட்டர்: டயாஃப்ரமா, பிஸ்டனா, பொசைடனா?

அட்லாண்டாவில் வேலை பார்க்கும் கோவைப் பையன் ஒருவன் எனக்குப் பழக்கம். அந்தமானிலும் புதுச்சேரியிலும் கடலில் டைவ் அடித்துக் கற்றுக்கொண்டவன். இப்போது வடக்கு ஃப்ளோரிடாவில் நீரடிக் குகைகளில் டைவ் அடிக்கும் பயிற்சிக்கு முன்பணம் கட்டிவிட்டான். சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் வாங்க வேண்டும். "அண்ணா, ஏப்பெக்ஸா, ஸ்கூபாப்ரோவா, பொசைடனா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீங்கள் ஒன்றைச் சொல்லுங்கள், வாங்கிவிடுகிறேன்" என்றான். ஒரு வரியில் பதில் சொல்லிவிட மனம் வரவில்லை. நான் இருப்பது ஜாக்சன்வில்லில். ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் ஜின்னி ஸ்பிரிங்ஸ் ஊற்றுக் குகைகள். பல வருடமாக அந்தத் தண்ணீருக்குள் போய் வருகிறேன், மூன்று விதமான ரெகுலேட்டரையும் வாயில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. கடலில் ரெகுலேட்டர் மக்கர் செய்தால் துணைக்கு வந்தவரின் காற்றை வாங்கிக்கொண்டு மேலே வந்துவிடலாம். குகையில் தலைக்கு மேலே பாறை. உள்ளே போன வழியில்தான் திரும்பி வர வேண்டும், போன தூரம் முழுக்க. அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு விதி: போகும்போது ஒரு பங்கு, வரும்போது ஒரு பங்கு, மூன்றாவது பங்கு ஆபத்துக்கு. முதுகில் 12 லிட்டர் சிலிண்டர் இரண்டு, 200 பார் அழுத்தத்தில் நிரப்பியிருக்கிறீர்கள் என்றால் மொத்தம் 4,800 லிட்டர். 1,600 லிட்டர் செலவானதும் திரும்பிவிட வேண்டும். சரியாக அந்த இடத்தில் துணைவரின் காற்று மொத்தமும் போய்விட்டது என்று வையுங்கள். உங்களிடம் இருப்பது 3,200, மூச்சு விடுவது இரண்டு பேர். ஆளுக்கு 1,600. போகும்போது ஆன அதே செலவு, ஒரு லிட்டர்கூட உபரி இல்லை. பதற்றத்தில் மூச்சு வேகமானால் அதுவும் போதாது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பார்க்க வேண்டியது வேறாகிவிடும். "எது சுலபமாக மூச்சு விடவைக்கிறது" என்பது கடல்காரர் கேட்கும் கேள்வி. குகைக்காரர் கேட்க வேண்டியது: இது எப்படிக் கெடும், கெட்டால் எவ்வளவு காற்றைக் கொண்டுபோகும், கெடுவதற்கு முன்னால் எனக்குத் தெரியவருமா, என் ஊரில் இதைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவர் யார்?

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். குகை விபத்துகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் காரணங்கள் ஐந்து: முறையான பயிற்சி இல்லாதது, வெளிவாசல்வரை தொடரும் வழிகாட்டிக் கயிறு இல்லாதது, காற்றை மிச்சம் வைக்காதது, மிதமிஞ்சிய ஆழம், போதிய விளக்குகள் இல்லாதது. குகை டைவர் ஷெக் எக்ஸ்லி 1979-இல் எழுதிய கையேட்டிலிருந்து வளர்ந்த பட்டியல் அது. அதில் ரெகுலேட்டர் இல்லை. ஆகவே எந்தப் பிராண்ட் வாங்கினாலும் அது பயிற்சிக்கு ஈடாகாது. ஆனால் பயிற்சி எடுத்தவருக்கும் ரெகுலேட்டர் சதி செய்யக்கூடும். அதனால்தான் இவ்வளவு நீளம் பேசுகிறேன்.

ஒன்று அல்ல, இரண்டு

குகைக்கு ரெகுலேட்டர் வாங்குவது என்றால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் இரண்டு, செகண்ட் ஸ்டேஜ் இரண்டு வாங்குவது. சிலிண்டரில் மாட்டும் பித்தளைத் துண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். அது 200 பாரை, சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 9 முதல் 10 பார் அதிகம் என்ற அளவுக்குக் குறைக்கிறது. வாயில் கடிக்கும் செகண்ட் ஸ்டேஜ் அதை மூச்சுக்கு ஏற்ற அளவுக்குக் குறைக்கிறது. இரண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் தனித்தனி வால்வில் உட்கார்ந்திருக்கும். ஒன்று நிற்காமல் காற்றைக் கொட்ட ஆரம்பித்தால் அந்த வால்வை மூடிவிட்டு மற்றதில் மூச்சு விட்டுக்கொண்டு வெளியே வருவீர்கள்.

இரட்டைச் சிலிண்டர் முதுகில் இருந்தால் வலப்பக்க வால்வில் 2.1 மீட்டர் நீள ஹோஸ். அதுதான் உங்கள் வாயில் இருக்கும், துணைவருக்குக் கொடுப்பதும் அதையே. அவ்வளவு நீளம் எதற்கு என்றால், இடுக்கான இடத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நீந்த முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும். இடப்பக்க வால்விலிருந்து குட்டை ஹோஸில் மாற்று செகண்ட் ஸ்டேஜ், கழுத்தில் ரப்பர் வளையத்தில் தாடைக்குக் கீழே தொங்கும். நீள ஹோஸ் வலப்பக்கம் போனதற்கும் காரணம் உண்டு. முன்னோக்கி நீந்தும்போது கூரையில் உரசினால் இடப்பக்க வால்வின் கைப்பிடி மூடும் திசையில் சுழலும், வலப்பக்கத்தது திறக்கும் திசையில். துணைவருக்குக் கொடுக்கும் காற்று தற்செயலாக மூடிக்கொள்ளக் கூடாது அல்லவா?

சைட்மவுண்ட் என்றால் சிலிண்டர்கள் இரு பக்கமும் அக்குளுக்குக் கீழே. பிரிட்டனில் நீர் நிறைந்த குறுகலான குகைப் பாதைகளில் புகுந்தவர்கள் வளர்த்த முறை இது. இதில் ஒரு சிக்கல் வருகிறது: இடது சிலிண்டரின் ஹோஸ் வாய்க்கு இடப்பக்கமிருந்து வந்தால்தான் ஒழுங்காக உட்காரும். சாதாரண செகண்ட் ஸ்டேஜ் எல்லாம் வலப்பக்கமிருந்து வருவதற்காகச் செய்தவை. வளைவு மூட்டு ஒன்றை இடையில் மாட்டிச் சமாளிக்கலாம். ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), ஒவ்வொரு ஓ-ரிங்கும் கசியக்கூடிய ஓர் இடம். ஹோஸை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாற்றிப் பொருத்தக்கூடிய செகண்ட் ஸ்டேஜ் இருந்தால் அந்த மூட்டே தேவையில்லை.

சிலிண்டரில் மாட்டும் விதத்தில் பேரம் கிடையாது, டின் (DIN) எனும் திருகு வகை மட்டும்தான். நம் பக்கக் கடல்களில் வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் யோக். கவ்வி போல் மேலிருந்து பிடித்துக்கொள்வது. அதில் ஓ-ரிங் வால்வின் முகத்தில் வெறுமனே அமர்ந்திருக்கிறது. கூரையில் பலமாக ஒரு இடி பட்டால் கவ்வி நகர்ந்து ஓ-ரிங் பிதுங்கிவிடலாம். டின் திருகி உள்ளே போவது, ஓ-ரிங் உள்ளே சிறைப்பட்டுக் கிடக்கும். தம்பியிடம் ஏற்கெனவே ஒரு யோக் செட் இருக்கிறது. அதைக் கடலுக்கு வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

மூடிய டயாஃப்ரம்: ஏப்பெக்ஸ் டி.எஸ்.டி., எக்ஸ்.டி.எக்ஸ்.50

இங்கிலாந்தின் பிளாக்பர்னில் தயாராவது. குகை வாசலில் பத்துப் பேர் கருவி மாட்டிக்கொண்டிருந்தால் அதில் சிலராவது இதைத்தான் மாட்டுவார்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் தண்ணீரே போகாது. வெளிப்புறத்தில் ஒரு ரப்பர்த் தகடு, தண்ணீரின் அழுத்தத்தை அது வாங்கி உள்ளே வால்வை இயக்கும் வளையும் தகடான டயாஃப்ரத்துக்குக் கடத்துகிறது. ஸ்பிரிங், அதன் அறை எல்லாம் காய்ந்தே இருக்கும்.

இந்த மூடிய அமைப்பைக் குளிர்நீருக்கு என்று சொல்லி விற்கிறார்கள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் காற்று 200 பாரிலிருந்து 10 பாருக்கு விரியும்போது கடுமையாகக் குளிரும், உள்ளே தண்ணீர் இருந்தால் உறைந்து வால்வைத் திறந்த நிலையிலேயே சிக்கவைத்துவிடும். ஐரோப்பிய ஈ.என்.250 தரம் 10 டிகிரிக்குக் குறைந்ததைத்தான் குளிர்நீர் என்கிறது. ஜின்னியின் தண்ணீர் வருடம் முழுவதும் 22 டிகிரி. மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் செனோட்டு எனும் நீர்க்குழிகளில் ஏறக்குறைய 25. பிரான்சின் லோ பகுதிக் குகைகளில்கூட 13, 14. ஆக, ஃப்ளோரிடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போகிறவருக்கு உறைதல் ஒரு பொருட்டே இல்லை.

அப்புறம் ஏன் மூடிய டயாஃப்ரம்? வண்டலுக்காக. குகைத் தரையில் படிந்திருப்பது மாவு போன்ற களிமண். சைட்மவுண்டில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வயிற்றோரம் இருக்கும், தாழ்வான இடத்தில் அது தரையைத் தொட்டுக்கொண்டே வரும். தண்ணீர் புகும் அமைப்பு என்றால் அந்த மாவும் கூடவே புகும். ஓர் இடுக்கில் ஊர்ந்து வெளியே வந்தபின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜை வெறும் குழாய்த் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம் என்பதுதான் மூடிய டயாஃப்ரம் எனக்குத் தரும் லாபம்.

டி.எஸ்.டி.யில் கழுத்து சுழலும், அதில் ஹோஸ் மாட்டும் குறை அழுத்த ஓட்டைகள் நான்கு. நுனியில் ஐந்தாவது ஓட்டை வைத்த வகையும் கிடைக்கிறது. சைட்மவுண்டுக்கு அது வாங்குவது நல்லது, ஹோஸ் சிலிண்டரின் நீளவாக்கிலேயே கீழே போகும். எக்ஸ்.டி.எக்ஸ்.50 செகண்ட் ஸ்டேஜில் ஹோஸை இடம் வலம் மாற்றிப் பொருத்தலாம். சர்வீஸ் தெரிந்தவர் கொஞ்ச நேரத்தில் செய்து கொடுப்பார். மூச்சிழுப்பின் கடினத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், தானாகக் கொட்டுவதைத் தடுக்க ஒரு நெம்புகோல் இரண்டும் உண்டு.

குறை என்றால், உள்ளே உதிரிகள் அதிகம். பிஸ்டனைவிடப் பிரித்துக் கோர்ப்பது நேரம் எடுக்கும் வேலை. கைப்பழக்கம் இல்லாதவரிடம் கொடுக்கக் கூடாது.

திறந்த பிஸ்டன்: ஸ்கூபாப்ரோ எம்.கே.25 ஈவோ, ஜி.260

பிஸ்டனின் அழகு அதன் எளிமை. அசையும் பாகம் ஒன்றே ஒன்று: நடுவில் துளையிட்ட ஒரு பிஸ்டன், அதன் கூர்மையான விளிம்பு ஒரு பிளாஸ்டிக் இருக்கையில் அமர்ந்து எழுகிறது. சர்வீஸ் செய்பவர் மேசையில் இதைப் பிரித்து வைத்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும். வடக்கு ஃப்ளோரிடாவில் பல ஆண்டுகள் பிஸ்டனை நம்பியே குகை புகுந்தவர்கள் ஏராளம். அவர்களை யாரும் தவறு சொல்ல முடியாது.

கம்பெனி முன்வைக்கும் பெரிய எண் ஒன்று உண்டு: நிமிடத்துக்கு 8,500 லிட்டர் காற்றோட்டம். இதைப் பார்த்து மயங்கிவிடாதே என்று தம்பிக்குத் தனியாக ஒரு பத்தி எழுதினேன். தரச் சோதனையில் வைக்கும் கடும் உழைப்பு மூச்சு நிமிடத்துக்கு 62.5 லிட்டர். 30 மீட்டர் ஆழத்தில், அதாவது 4 பார் அழுத்தத்தில், அது 250 லிட்டர். மூச்சை இழுக்கும் உச்சக் கணத்தில் ஓட்டம் இதைப்போல மூன்று மடங்கு தாண்டும், 800 லிட்டர் என்று வையுங்கள். இரண்டு பேர் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் ஒரே கணத்தில் இழுத்தாலும் 1,600. நல்ல டயாஃப்ரமும் இதைத் தாராளமாகக் கொடுத்துவிடும். மிச்சமுள்ள ஆயிரக்கணக்கான லிட்டர் உங்கள் நுரையீரலுக்கு வந்து சேரப்போவதில்லை.

நிஜமான வித்தியாசம் தண்ணீர் உள்ளே போவதில் இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள அறைக்குத் துளைகள் உண்டு. தெளிந்த நீரில் பிரச்சினையே இல்லை, கழுவினால் போதும். களிமண் குகையில் வாரா வாரம் உரசிக்கொண்டு வருகிறவர் என்றால் அடிக்கடி பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டிவரும்.

ஆனால் ஜி.260 செகண்ட் ஸ்டேஜ் எனக்கு மிகவும் பிடித்தது. இதிலும் ஹோஸை இடப்பக்கம் மாற்றிப் பொருத்தலாம். பெரிய வட்ட முகம், அதன் மூடியைக் கையாலேயே திருகிக் கழற்ற முடியும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு ஒரு நாள் புரிந்தது.

ஜின்னியில் டெவில்ஸ் குகைக்குள் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தேன். அங்கே உள்ளிருந்து வெளியே பாயும் நீரோட்டம் பலமானது. போகும்போது பாறையைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும், வரும்போது அதுவே தள்ளிக்கொண்டு வந்துவிடும். வாசல் பக்கம் வந்ததும், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, கழுத்தில் தொங்கிய மாற்று செகண்ட் ஸ்டேஜுக்கு மாறினேன். முதல் மூச்சிலேயே பாதி தண்ணீர். பொத்தானை அழுத்தி ஊதித் தள்ளினேன், அடுத்த மூச்சிலும் தண்ணீர். பழையதுக்கே திரும்பி வெளியே வந்து, ஆழமில்லாத இடத்தில் மண்டியிட்டு, மூடியைத் திருகித் திறந்தேன். வெளிமூச்சு போகும் மெல்லிய ரப்பர் வால்வின் ஓரத்தில் மிளகளவு சுண்ணாம்புக் கல் ஒன்று. விரல் நகத்தால் தட்டிவிட்டு மூடினேன், சரியாகிவிட்டது. குகைத் தரையில் எங்கோ மார்பு உரசியபோது உள்ளே போயிருக்கிறது. ஆழத்தில் எனக்கு அதுதான் ஒரே காற்று என்ற நிலை வந்திருந்தால்? அன்றிலிருந்து உள்ளே போகும் வழியிலேயே ஒருமுறை மாற்றை வாயில் வைத்துச் சோதிப்பேன். மூடியைக் கருவி இல்லாமல் கழற்ற முடியாத செகண்ட் ஸ்டேஜை குகைக்கு வாங்குவதும் இல்லை.

பொசைடன்

ஸ்வீடன்காரர்கள் செய்வது. 1958-இல் வந்த சைக்ளோன் இன்றும் பேசப்படுகிறது. இதன் ஜெட்ஸ்ட்ரீம், எக்ஸ்ட்ரீம் செகண்ட் ஸ்டேஜ்களில் மூச்சு விடுவது ஒரு தனி அனுபவம், காற்று தானாக வந்து வாயில் நிறையும். வெளிமூச்சு பக்கவாட்டில் போகிறது, ஹோஸ் இடமிருந்து வந்தாலும் வலமிருந்து வந்தாலும் ஒன்றுதான். சைட்மவுண்டுக்கு இதைவிட வசதி வேறு இல்லை. உறைகிற தண்ணீரில் இதற்கு நல்ல பெயர்.

ஆனாலும் தம்பிக்கு இதை நான் சொல்லவில்லை. காரணம் அது கெடும் விதம். மற்ற செகண்ட் ஸ்டேஜ்களில் வால்வு, வெளிப்பக்கம் திறக்கும் கதவு மாதிரி. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பழுதாகி ஹோஸில் அழுத்தம் ஏறினால் கதவைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேறும். கொட்டும், சத்தம் போடும், உங்களுக்குத் தெரிந்துவிடும், மூச்சும் விடலாம். ஜெட்ஸ்ட்ரீம் வகை வால்வு உள்பக்கம் திறக்கும் கதவு. அழுத்தம் ஏற ஏற இன்னும் இறுக மூடிக்கொள்ளும். கூட்டம் கதவில் சாய்ந்து நெருக்கினால் உள்பக்கம் திறக்கும் கதவைத் திறக்க முடியாமல் போவது போல. அதனால் மிகை அழுத்தத்தை விடுவிக்கத் தனியாக ஒரு பாதுகாப்பு வால்வு தேவைப்படுகிறது. முறையாகப் பராமரித்தால் எந்தக் கவலையும் இல்லை. ஆனால் இந்தச் செகண்ட் ஸ்டேஜை வேறு கம்பெனியின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் யோசிக்காமல் மாட்டுவது, தெரியாதவரிடம் சர்வீஸுக்கு விடுவது இரண்டும் ஆபத்து. ஸ்வீடனின் பியூரெல்வென் மாதிரி உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் குகைகளுக்குப் போகிறவர், பக்கத்திலேயே பொசைடன் தெரிந்த சர்வீஸ்காரர் உள்ளவர் என்றால் என் பதில் மாறும். அட்லாண்டாவிலிருந்து ஃப்ளோரிடா வந்துபோகும் ஆளுக்கு இது தேவையில்லாத சிக்கல்.

வேறு பிராண்டுகள் இல்லையா? உண்டு. லேக் சிட்டியில் டைவ் ரைட், ஹை ஸ்பிரிங்ஸில் ஹால்சியன், இரண்டும் குகைகளுக்கு நடுவிலேயே இருக்கும் கம்பெனிகள். அந்தப் பக்கமே குடியிருப்பவர் தாராளமாக வாங்கலாம். அட்டாமிக்கின் டைட்டானியம் வகை துருவுக்கு அசராது, எடை குறைவு, ஆனால் 40 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆக்சிஜனுக்கு டைட்டானியம் ஆகாது. பிற்பாடு 6 மீட்டரில் தூய ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துக்கொள்ளும் டைவ்களுக்குப் போகும்போது அந்த ரெகுலேட்டரை அதில் மாட்ட முடியாது. பழைய செட் வாங்குவதென்றால் சர்வீஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பல நேரம் புதிதின் விலைக்கு வந்து நிற்கும்.

பிராண்டைவிட முக்கியமான ஒரு கருவி

கொஞ்சம் பணத்துக்கு ஒரு சின்ன அழுத்தமானி கிடைக்கிறது, மிதவை ஜாக்கெட்டுக்குக் காற்றேற்றும் ஹோஸின் நுனியில் மாட்டிக்கொள்ளலாம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ஹோஸுக்குள் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று அது காட்டும். ரெகுலேட்டர் கெடப்போவதை முன்கூட்டியே சொல்லும் கருவி என்னிடம் இதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு சமையலறை மேசையில் வைத்து என் செட்டைச் சோதித்தேன். அப்போதுதான் சர்வீஸ் முடிந்து வந்திருந்தது. எந்த பிராண்ட், எந்தக் கடை என்பது வேண்டாம். வால்வைத் திறந்ததும் முள் 9.5-இல் நின்றது. இரண்டு மூச்சு இழுத்தேன், முள் கொஞ்சம் இறங்கி மறுபடி 9.5-க்கு வந்தது. சரி என்று மூடப்போனவன், தேநீர் கொதிக்கிறதே என்று அடுப்புப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் முள் 10-ஐத் தாண்டியிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். மயிரிழை மயிரிழையாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. 11-ஐ நெருங்கும்போது செகண்ட் ஸ்டேஜிலிருந்து மெல்லிய சீறல் ஒன்று கிளம்பியது. உயர் அழுத்த இருக்கை சரியாக மூடவில்லை. மறுநாள் காலை அதை மாட்டிக்கொண்டு போயிருந்தால் வாசலில் ஒன்றும் தெரிந்திருக்காது. இரண்டு மூச்சுச் சோதனையில் அது தேறியிருக்கும். உள்ளே 30 மீட்டரில்தான் கொட்ட ஆரம்பித்திருக்கும்.

அதிலிருந்து நான் பின்பற்றுவது: வால்வைத் திறந்து முள்ளை ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். முள் எங்கே நிற்கிறது என்பதைவிட, அங்கேயே நிற்கிறதா என்பதுதான் கேள்வி. சர்வீஸ் முடிந்து வந்த ரெகுலேட்டரை நேராகக் குகைக்குக் கொண்டுபோகவும் மாட்டேன். திறந்த நீரில் ஒரு டைவாவது அடித்துவிட்டுத்தான். பிரித்துக் கோர்த்த உடனேதான் பல பிழைகள் தலைகாட்டும். இரண்டு செட்டையும் ஒரே நாளில் சர்வீஸுக்கு விடுவதும் இல்லை. ஒன்றைச் செய்தவர் செய்த தவறு மற்றதிலும் இருந்துவிடலாம்.

ஹோஸ் பற்றியும் ஒன்று. மெல்லிசாக வளையும் பின்னல் ஹோஸ்கள் பார்க்க அழகு, நீள ஹோஸைக் கழுத்தில் சுற்றவும் வசதி. ஆனால் சில பின்னல் ஹோஸ்களின் உட்குழாய் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, உள்ளே மஞ்சள் நிறப் படிகங்களாகச் சேர்ந்து காற்றை அடைத்த சம்பவங்களை டைவர்கள் பாதுகாப்பு அமைப்பான டேன் பதிவு செய்திருக்கிறது. வெளியே பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும். ஃப்ளோரிடா வெயிலில் கார் டிக்கியில் கிடக்கும் ஹோஸ், ஊருக்கு எடுத்துப்போனால் சென்னை வெயிலையும் பார்க்கும். நான் சாதாரண ரப்பர் ஹோஸ்தான் பயன்படுத்துகிறேன். ரப்பர் கெட்டால் நுனியில் வெடிப்புத் தெரியும், கண்ணால் பார்த்து மாற்றலாம்.

ஆக, என் பதில்

இரண்டும் ஒரே மாதிரியாக, மூடிய டயாஃப்ரம் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், இடம் வலம் மாற்றக்கூடிய செகண்ட் ஸ்டேஜ். தம்பிக்கு ஏப்பெக்ஸ் டி.எஸ்.டி., எக்ஸ்.டி.எக்ஸ்.50 இரண்டு செட். ஒரே மாதிரி வாங்கச் சொன்னதற்குக் காரணம், உதிரிகள் ஒன்றுக்கொன்று பொருந்தும், சர்வீஸ்காரர் ஒருவர் போதும், இருட்டில் எது கையில் வந்தாலும் குமிழும் பொத்தானும் அதே இடத்தில் இருக்கும். ஹோஸ் எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலரைத் தாண்டும். அதைக் குறைக்க ஒரு செட்டை மலிவாகவும் மற்றதை உயர்வாகவும் வாங்குவோர் உண்டு. மலிவானதைக் கழுத்தில் மாற்றாகத் தொங்கவிடுவார்கள். நெருக்கடியில் நீள ஹோஸைத் துணைவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் கடிக்கப்போவது அந்த மலிவானதைத்தான். படபடக்கும் நெஞ்சோடு, 30 மீட்டரில், இழுத்தாலும் வராத காற்றோடு வெளிவாசல்வரை நீந்துவதை எண்ணிப் பாருங்கள்.

இந்தப் பதிலைப் புரட்டிப்போடக்கூடியது ஒன்றே ஒன்று. உங்களுக்கு மிக அருகில் இருக்கும் நம்பகமான சர்வீஸ்காரர் ஸ்கூபாப்ரோவில் கை பழகியவர், ஏப்பெக்ஸ் உதிரிகள் அவரிடம் இல்லை என்றால், எம்.கே.25, ஜி.260 வாங்குங்கள். மனம் கோணாமல் சொல்கிறேன். அதே கம்பெனியின் எம்.கே.19 ஈவோ மூடிய டயாஃப்ரம், சுழலும் கழுத்தும் உண்டு. களிமண் குகைக்குப் போகிறவர் ஜி.260-ஐ அதோடு சேர்த்துக்கொள்ளலாம். இரண்டின் நல்ல குணமும் கிடைத்துவிடும்.

தம்பியிடம் வாங்குவதற்கு முன் ஒரு வேலை கொடுத்தேன். அட்லாண்டாவில் உள்ள கடைகளுக்குப் போன் செய்து, "உங்கள் ஆள் கடந்த மாதம் எந்த பிராண்டை எத்தனை முறை பிரித்தார்? உதிரிகள் கையிருப்பில் உண்டா? வேலை முடிந்ததும் அழுத்த அளவை எழுதிக் கொடுப்பாரா?" என்று மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். இரண்டு கடையில் மழுப்பினார்களாம். மூன்றாவது கடையில் சர்வீஸ்காரரே போனை வாங்கி, நேரில் வா, மேசையில் பிரித்துக் காட்டுகிறேன் என்றாராம். அவர் கை பழகியது ஏப்பெக்ஸ். சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு இரண்டு செட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். அழுத்தமானியும் சேர்த்துத்தான். பயிற்சிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அதற்குள் திறந்த நீரில் பத்து டைவாவது இந்தச் செட்டோடு அடித்துவிட்டு வா, வால்வு மூடித் திறக்கும் பயிற்சியைக் கண்ணை மூடிக்கொண்டு செய்து பழகு என்று சொல்லியிருக்கிறேன்.